எல்லாப் பக்கமும் தெரியும் திரை

வாருங்கள் தோழர்களே, இந்தக் கைபேசிக் கடைக்குள் வந்து சாட்சியாக நில்லுங்கள். இங்கே அடி இல்லை, இரத்தம் இல்லை. ஆயினும் ஒரு கொடுமை, குளிரூட்டிய வெளிச்சத்தில், சிரித்த முகத்தோடு நடந்துகொண்டிருக்கிறது.

கண்ணாடி மேசைமேல் இரண்டு கைபேசிகள். விலை ஏறக்குறைய ஒன்றே, திரையில்தான் வேறுபாடு. எதிரே கணவன், அவன் தோளுக்குப் பின்னால், ஆடை ஆலையில் பொத்தான் தைக்கும் மனைவி. வாங்குவது அவளுக்கு.

விற்பனைப் பெண் இரண்டிலும் எழுத்துள்ள ஒரே படத்தை ஏற்றினாள்.

“பாருங்க சார், அதைக் கொஞ்சம் சாய்ச்சாலே மங்கிடும். இது எந்தப் பக்கம் நின்னாலும் பளிச்சுனு தெரியும்.”

கணவன் ஓரமாக நகர்ந்து நின்று பார்த்தான். இன்னும் நகர்ந்தான்.

“அட, இங்கேருந்தே எழுத்து தெரியுதே! இனிமே உன் தங்கச்சி புலம்பலை நான் கழுத்தை ஒடிச்சுப் படிக்க வேணாம்டி.”

தங்கை, கணவனைப் பிரிந்து தனியே வாழ்பவள். அவள் எழுதும் வரிகளை இவன் குரல் மாற்றி வாசிப்பதே அந்த வீட்டில் சாப்பாட்டு வேளைக் கேளிக்கை. பழைய கைபேசியின் திரை விரிசலிட்டு மங்கிய பிறகே அது நின்றது. அதன் எழுத்துகளைப் படிக்க மனைவியின் கண்கள் மட்டுமே பழகியிருந்தன. அந்த மங்கலில்தான் சென்ற வாரம் ஒரு வரி வந்தது: ‘அக்கா, இங்க ஒரு ரூம் காலியா இருக்கு. வரியா?’ அவள் இன்னும் விடை எழுதவில்லை.

“எனக்கு அது போதுங்க,” என்று மனைவி மங்கும் திரையைத் தொட்டாள்.

“நல்லதை விட்டுட்டு நொள்ளையை எடுப்பாளா ஒருத்தி? ரசனை கெட்டவளே!”

தொட்ட விரலை அவள் இன்னும் எடுக்காததை விற்பனைப் பெண் கண்டாள். தான் எதைப் புகழ்ந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“சார்... அதுல சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கும்.”

“என்னம்மா, அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?”

கடையே சிரித்தது. பளிச்சிடும் கைபேசிக்குப் பழைய சிம் மாறியது. திறப்பதற்கான விரல் ரேகையையும் அவனே முதலில் பதித்தான். மேசைமேல் கிடந்த திரை உடனே ஒளிர்ந்தது: ‘அக்கா, என்ன முடிவு பண்ண?’ நான்கு பக்கமும் தெரிந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்தாள். விரலிடுக்குகளில் ஒளி கசிந்தது. கணவன் குனிகிறான்.

நீங்களும் குனிகிறீர்களே, தோழர்களே! முதலில் உங்கள் முகத்தைத் திருப்புங்கள். பிறகு அவன் முகத்தைத் திருப்புங்கள். அவள் விடை எழுதி முடிக்கும்வரை விடாதீர்கள்.