வானத்துத் தகப்பன்

பங்குப் பேரவைத் தலைவர் சைலஸ் சென்ட் பாட்டிலை எடுத்துச் சவப்பெட்டிக்குள் மூன்றாவது முறையாக அடித்தார். அந்த வாடையும் பூமாலை வாடையும் கலந்து வர, மெர்சிலின் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பேர்ப்பட்ட மனுசரும்மா ஒங்கப்பா! இன்னா அறிவு!"

நாலு வருஷத்துக்கு முன்னால், சர்ச் காரியங்களைப் பார்க்கும் அந்தப் பேரவையில் "இந்தாளு வாயை மூடுங்க" என்று கத்தியதும் இதே வாய்தான். அவள் அப்பா ஜெபதுரை, பாதிரியார் ஆகப் படிப்பவர்களின் குருமடத்தில் முப்பது வருஷம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள், கடவுளைக் குறிக்கும் 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல், லத்தீனுக்கும் மூத்த ஒரு மொழியில் ஒளிரும் வானத்தைக் குறித்த வேரிலிருந்து வந்தது என்றார். நாம் கும்பிடும்போது சொல்லும் 'தேவன்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ரோமர்களின் ஜூப்பிட்டருக்கும் அதேதான். அந்தப் பேருக்கு வானத்துத் தகப்பன் என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார். ஆண்டவரை விக்கிரகத்தோடு சேர்த்துவிட்டார் என்று ஊரே குதித்தது. வகுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோயிலில் அவர் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

மெர்சிலின் மட்டும் என்ன யோக்கியம்? பங்குப் பள்ளியில் டீச்சர் வேலை அவளுக்கு. "மன்னிப்பு கேட்டுட்டு வாப்பா" என்று நச்சரித்து அனுப்பியவளே அவள்தான். அவரும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நேற்று காலையில்தான், மூச்சு வாங்கிக்கொண்டே, "கல்லறை வரிக்கும் பெட்டிய மூடாதம்மா. வானம் தெரியட்டும்" என்றார்.

"மூடிய போடுங்கப்பா, நேரமாவுது" என்றார் சைலஸ்.

"மூட வேணாங்க. அப்பா கேட்டுக்கினாரு."

"இன்னாத்துக்கு?" அவர் முகம் மாறியது. "அந்தப் பழைய கதையா? அதான் மன்னிப்பு கேட்டாரே!"

"நான்தாங்க கேக்க வெச்சேன். அவரு தப்பா ஒண்ணும் சொல்லல."

"பாத்துப் பேசும்மா. நம்ம ஸ்கூல்ல வேலை பாக்கற பொண்ணு நீ."

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இவர் மேல் பாதி, தன் மேல் பாதி. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அவர் முகத்தில் மாட்டினாள். பிறகு பெட்டியின் மூடியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். தயங்கி நின்றவர்கள் திறந்த பெட்டியைத் தூக்கினார்கள்.

ரோட்டில் அமிர்திக்குப் போகும் பஸ் ஒதுங்கி நின்றது. சைலஸ் குடையை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடிக்க ஓடி வந்தார். மெர்சிலின் ஒரு கையால் அதை விலக்கினாள்.

கல்லறை மேட்டில் பெட்டியை இறக்கியபோது நல்ல உச்சி வெயில். அப்பாவின் கண்ணாடியில் ஒரு சின்ன மேகம் ஊர்ந்துகொண்டிருந்தது. அது தாண்டிப் போகும் வரைக்கும் அவள் மூடியைக் கொடுக்கவில்லை.