பெனிட்டாவின் வாயில் விழுந்த பொட்டு

எங்கள் காலனியில் இறந்தவர்கள் மாலை நான்கு மணிக்கு டிவியில் வருவார்கள். பிளாஸ்டிக் டிஷ் இருந்தால்தான். தகர டிஷ்ஷில் செய்தியும் கிரிக்கெட்டும்தான் வரும், தலைகீழாக நின்றாலும்.

எஸ்தர் டீச்சர் வீட்டில் மகள் பெனிட்டா வருவாள். வந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அதன் பிறகுதான் டீச்சர் தட்டில் சோறு போட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு அந்த ஒரு வேளைதான்.

சுவரின் நிறத்திலேயே டிஷ்ஷும் இருக்க வேண்டும் என்று காலனி சங்கம் முடிவு செய்தது. பெயிண்டர் நான்தான்.

"பாத்து அடிங்க தங்கமாரி, பிள்ளைக்கு எதுவும் ஆயிடப்போவுது" என்றார் டீச்சர்.

இருபத்திரண்டு வருஷத் தொழில், எனக்கா சொல்வது? உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலோகம் கலக்காத சந்தன நிறத்தை மெல்லிசாக இரண்டு கை ஓட்டினேன். சிக்னல் வாங்கும் மூக்குப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகவே இல்லை. அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் எந்த வேலை முடிந்தாலும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்காவிட்டால் எனக்கு மனசு கேட்காது. இரும்பு கேட்டுக்கு அடித்த கறுப்பு டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தொட்டு வைத்தேன். அதில் இரும்புத்தூள் கலந்திருந்தது.

டிஷ்ஷில் வைத்த பொட்டு டிவியில் சரியாகப் பெனிட்டாவின் வாயில் விழுந்தது. அவள் வந்தாள், பார்த்தாள், கேள்வி மட்டும் வரவில்லை. டீச்சர் சாப்பிடவில்லை. மூன்று நாள். பொட்டைச் சுரண்டினால் டிவியில் பிள்ளை வலியில் முகம் சுளித்தாள். விட்டுவிட்டேன். அடப் பாவி, உன் கையில் கட்டி முளைக்க என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் டீக்கடையில் நின்றிருந்தேன். சரியாக நான்கு மணிக்கு என் வாய் தானாகத் திறந்து, "சாப்டியாம்மா?" என்றது. பெனிட்டாவின் குரல்.

"ஆச்சு ஆச்சு" என்று டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவினார்.

மறுநாளிலிருந்து மூன்றே முக்காலுக்கெல்லாம் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவேன். டிவிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல். பெனிட்டா பார்ப்பாள், நான் கேட்பேன், டீச்சர் சாப்பிடுவார். ஏழு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

நேற்று புத்தி கெட்டுப்போய் பொட்டைத் தின்னர் துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. பெனிட்டாவின் கண்வரை இழுகிவிட்டது.

இன்று பக்கத்துத் தெரு லாட்ஜில் வேலை. ஏணியில் மூன்றாவது மாடி உயரத்தில் நிற்கிறேன். மூன்றரைக்கு இறங்கலாம் என்று பிரஷ்ஷைத் துடைத்தபோது வெயில், சுவர், ஏணி எல்லாம் மறைந்துவிட்டன. டீச்சர் வீட்டு ஹால்தான் தெரிகிறது, டிவி இருக்கும் உயரத்திலிருந்து. என் ஸ்டூல் காலியாக இருக்கிறது. டீச்சர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். அவருக்குப் பின்னால் கடிகாரத்தில் இப்போது மணி மூன்று ஐம்பது.

அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டிருக்கிறேன்.