மலையில் கொதிக்கும் உலை

பானைக்குள் சோறு குழைந்து களியாகக் கிடந்தது, இந்த வாரம் இது மூன்றாவது தடவை, பாக்கியநாதன் சவரம் முடித்த முகத்தோடு, காதோரம் துடைக்க விட்டுப்போன சோப்பு நுரையோடு, கரண்டியைப் பிடித்தபடி நின்றார், மகள் ஷீபா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், அடுத்த அறையில் புருஷனிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது, அப்பாவுக்கு மறதி வந்துடுச்சுங்க, நாமதான் லேட்டா கூட்டிட்டு வந்துட்டோம், இனி ஊட்டிக்கு அனுப்பறதா இல்ல. மறதியாம், எழுபத்தாறு வயதுக்காரன் வடித்த சோறு குழைந்தால் மறதி, மாப்பிள்ளை வைத்துக் குழைந்திருந்தால் அதற்குப் பெயர் பொங்கல்.

ஊட்டி வீட்டில் மனைவி ரெஜினா வைத்த சட்டம் அது, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நீங்க சவரம் பண்ணப் போங்க, முகம் கழுவிட்டு வந்தா வடிக்கலாம், மலைமேல் தண்ணீர் சட்டென்று கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சூடு போதாது, அரிசி நிதானமாகத்தான் வேகும், அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சட்டத்தை அவர் மீறியதில்லை, கோயம்புத்தூர் வந்தும் மீறவில்லை, தப்பு நடந்தது அதனால்தான், இங்கே ஒரு கன்னம் முடிவதற்குள் வெந்துவிடுகிறது.

டாக்டர்தான் கிளப்பிவிட்டார், உயரத்துல காத்து மெலிசு, இந்த வயசுல தூக்கத்துல மூச்சு விட்டு விட்டுத்தான் ஓடும், தூக்கம் கெட்டா எல்லாம் கெடும், கீழ கூட்டிட்டுப் போயிடுங்க, ஷீபா பயந்துபோய்க் காரில் ஏற்றினாள், காது அடைக்க அடைக்க இறங்கி வந்தார், வந்து கட்டையாகத் தூங்கினார், பொய் சொல்வானேன், உடம்புக்குச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தூக்கத்தில் யாருமே வருவதில்லை, மலையில் மூச்சு முட்டி விழிக்கிற ஒவ்வொரு தடவையும் ரெஜினா பாதிக் கனவில் இருப்பாள், பட்டாணி உரிக்கிறாள், குல்லா பின்னுகிறாள், ஏன் இப்படிப் பதறி எந்திரிக்கிறீங்க என்று வைகிறாள், வையட்டும், அந்த வசவு இல்லாத தூக்கம் அவருக்கு எதற்கு.

நான் ஊருக்குப் போறேம்மா என்றார், ராத்திரி மூச்சு நின்னுட்டா யாருப்பா பாப்பாங்க என்று கேட்கும்போதே ஷீபாவுக்குக் குரல் உடைந்தது, ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நின்னா என் வீட்டுல நிக்கட்டும், இங்க ஒழுங்கா மூச்சு விட்டு நான் என்னத்தக் கண்டேன், புத்தி தப்பிடுச்சுன்னு பேரு வாங்கினதுதான் மிச்சம். மறுநாள் அவளே பஸ் ஏற்றிவிட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இப்போது ஊட்டியில் உலை கொதிக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலில் மேகம் அப்பிக்கிடக்கிறது, கண்ணாடி முன்னால் முக்காலியில் உட்கார்ந்தவர் ஒரு கன்னம் முடிந்ததும் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார், மூச்சு நிற்கிறது, அடுப்படியில் ரெஜினா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நிற்கிறாள், இறக்குங்க, குழைஞ்சிடப்போகுது என்கிறாள், மூச்சு திக்கென்று திரும்பியது, விழித்தார், காய்ந்த நுரையோடு ஓடிப்போய்க் கஞ்சியை வடித்தார், பருக்கை பருக்கையாக உதிர்ந்தது சோறு, உடனே ஷீபாவுக்குப் போன் போட்டுச் சொன்னார், சோறெல்லாம் இருக்கட்டும்ப்பா, மூச்சு நின்னுச்சா என்று கேட்டாள் அவள்.

நின்னுச்சு, அதனாலதான் சோறு தப்பிச்சுது என்றார்.