ஆறாவது மாடியின் அணையா விளக்கு

கூரையைத் துறந்தவனுக்கே வானம் சொந்தம் என்ற பேருண்மையைக் கண்டடைய மனித குலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் பிடித்தன. இஞ்ஞாசிக்கு அறுபத்திரண்டு வருடம் பிடித்தது. செங்காங்கில், வீட்டுக்குப் பக்கத்துக் கார்பார்க்கின் மொட்டை மாடியில், கூரை திறக்கும் தன் வெள்ளி நிறக் காரில் சாய்ந்து படுத்திருந்த ஒரு சாயங்காலம் அது அவருக்குப் புலப்பட்டது. வானம் மொத்தமும் அவருக்கே சொந்தமாக இருந்தது. பேட்டரியில்தான் ஒன்றுமில்லை.

அது வீக்கெண்ட் கார். சிவப்பு நம்பர் பிளேட். வார நாளில் பகல் நேரத்தில் சாலைக்கு இறக்கக் கூடாது. ஆகவே திங்கள் முதல் வெள்ளிவரை ஆறாவது மாடியில் நிற்கும். சனிக்கிழமை செத்துக் கிடக்கும். இந்த ஒழுங்கு தவறியதே இல்லை.

சாவும் சட்டென்று வராது. திங்களன்று பட்டனைத் தொட்டால் கூரை விசிறிபோல மடங்கிப் பின்னால் போகும். செவ்வாயன்று யோசித்துவிட்டுப் போகும். புதனன்று பாதி வழியில் முனகும். வியாழனன்று ஹார்னை அமுக்கினால் சளி பிடித்த ஆடு இருமும். வெள்ளியன்று கடிகாரம் மணியை மறந்துவிடும். டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவில் விளக்குப் போட்டதுபோல ஒரே நேரத்தில் மினுக்கும். அதன் பிறகு அமைதி.

அந்த அமைதியிலும் ஒன்று மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். டாஷ்போர்டின் நடுவில் நின்ற வேளாங்கண்ணி மாதா. ஒரு சாண் உயரம். தலையைச் சுற்றிப் பன்னிரண்டு நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிப் பல்பு. சிகரெட் லைட்டர் துளையில் வயரைச் செருகிவிட்டால் நீலமாக ஒளிரும். ஃபாதர் வந்து காரை மந்திரித்த அன்று, கோவில் திருவிழாக் குழுவின் பதினான்கு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, குழுத் தலைவர் என்ற முறையில் இஞ்ஞாசி அறிவித்திருந்தார்:

"அன்பார்ந்தவர்களே, இது என் பொருத்தனை. என் மகள் டானியலாவைத் திறந்த கூரையின் கீழ் ஆலய வாசலில் கொண்டுவந்து இறக்கும் நாள்வரை இந்த விளக்கு அணையாது."

பதினான்கு பேரும் கை தட்டினார்கள். பிறகு பிரியாணி இருந்தது.

அன்றிலிருந்து எட்டு மாதம், சாயங்காலம் ஆனால் மாடிக்கு ஏறிவிடுவார். நீல வெளிச்சத்தில் சாய்ந்துகொண்டு அந்த நாளை ஓட்டிப் பார்ப்பார். தேக்கா தெரு தண்ணீர்போல விலகி வழிவிடும். மல்லிகைக் கடைக்காரர்கள் தொடுப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். பின் சீட்டில் வெள்ளைப் பட்டில் மகள். அவள் ஏழு வயதில் கிரெயானால் வரைந்த கார்களில் ஒன்றுக்கும் கூரை இருந்ததில்லை, கேட்டால், "மேல பாக்கணும்ல?" என்பாள். அந்தப் படங்களில் ஒன்று இன்னும் அவர் பர்ஸில் இருந்தது. மாடிக்கு எதிரே எல்ஆர்டி ரயில் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே நின்றுகொண்டு போகிறவர்கள், நீலமாக ஒளிரும் காரில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரைக் கண்டு கண்ணாடியில் நெற்றி ஒட்டிப் பார்ப்பார்கள். இஞ்ஞாசி மெதுவாகக் கையை உயர்த்தி அருள்பாலிப்பார்.

கார் மூன்று பேட்டரிகளைத் தின்றிருந்தது. ஈசூனில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் வேலாயுதம் ஆல்டர்நேட்டரை மாற்றினான், வயர்களைப் பிரித்துக் கட்டினான், கூரை மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நாள் வைத்திருந்து பார்ப்பான். கார் கல்லுக்குண்டுபோல இருக்கும்.

"என்கிட்ட இருக்கிறப்ப நல்லாத்தாண்ணே இருக்கு," என்பான். "உங்க கார்பார்க்குக்குப் போனாத்தான் படுத்துக்குது. வேற ஏதாவது மாட்டி வச்சிருக்கீங்களா? கேமரா, சார்ஜர்?"

"அதெல்லாம் கிடையாது. இது ஐரோப்பிய இயந்திரம், வேலாயுதம். செங்காங்கின் ஈரப்பதம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை."

"ஈசூன்ல மட்டும் என்ன, பனியாண்ணே பெய்யுது?"

அவர் பொய் சொல்லவில்லை. கேமராவும் கிடையாது, சார்ஜரும் கிடையாது. கார் வொர்க்ஷாப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும், கிரீஸ் கை பட்டுவிடக் கூடாதென்று, மாதாவின் வயரைப் பிடுங்கி, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் டிவிக்கு மேலே வைத்துவிடுவார். கார் திரும்பி வந்ததும் மறுபடி செருகுவார். மாதாவை வேலாயுதம் பார்த்ததே இல்லை.

கல்யாண நாளும் வந்தது. சனிக்கிழமை. ஒன்பதரை மணிக்குப் பூசை, ஓஃபிர் ரோட்டுக் கோவிலில். மனைவி விடிந்ததுமே மெழுகுவர்த்திகளோடு போய்விட்டாள். ஏழேகாலுக்குக் கோட்டும் டையுமாக மாடி ஏறிய இஞ்ஞாசி சாவியைத் திருப்பினார். கார் ஒன்றும் சொல்லவில்லை.

வேலாயுதம் கேபிள்களோடு வந்து சேர எட்டே கால் ஆனது. அதற்குள் அவர் மாதாவைக் கைக்குட்டையில் சுற்றி, வெள்ளைப் பட்டில் மேலே ஏறி வந்திருந்த மகளின் கையில் கொடுத்திருந்தார்.

"ப்பா, கிராப் டாக்ஸி புக் பண்ணவா? அஞ்சு நிமிஷத்துல வந்துரும்."

"கிராப்ல போய் இறங்கவா உன்னைப் பெத்தேன்?"

"பெத்தது அம்மா லா."

வேலாயுதம் தன் வேனிலிருந்து கேபிளை மாட்டினான். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூரை விசிறிபோல மடங்கியது. இஞ்ஞாசியின் கண் கலங்கியது. அந்தப் பழியைப் புகையின் மேல் போட்டார்.

"அண்ணே, ஒன்னே ஒன்னுதான். கோவில் வாசல் வர்ற வரைக்கும் எஞ்சின ஆஃப் பண்ணாதீங்க. பண்ணா முடிஞ்சுச்சு. நான் பின்னாடி வரணும்னா சொல்லுங்க, வர்றேன்."

"வேண்டாம்ப்பா. ஊர்வலத்துக்குப் பின்னாடி வொர்க்ஷாப் வேன் வந்தா நல்லாவா இருக்கும்?"

வேலாயுதம் கிளம்பிப் போனதும் மாதா மறுபடி தன் இடத்துக்கு வந்து ஒளிர்ந்தாள். கார் ஆறு மாடியும் சுற்றிச் சுற்றி இறங்கியது.

அடுத்த முப்பது நிமிடங்கள், நேர்மையாகச் சொல்வதானால், அவர் கனவு கண்டதைவிட நன்றாகவே இருந்தன. சனிக்கிழமைக் காலை, சாலைகள் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்துத் தூங்குமூஞ்சி மரங்களும் மேலே கைகோத்திருக்க, இடைவெளிகளில் வானம் துண்டு துண்டாக ஓடி வந்தது. ஒரு சின்ன இலை சுழன்று சுழன்று வந்து டானியலாவின் தலை வலையில் உட்கார்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, மேலே பார்த்து, ஏழு வயதுக் குரலில் சிரித்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த இஞ்ஞாசி, யாரும் கேட்காமலேயே ஹார்ன் அடித்தார். ஆடு இருமவில்லை. ஹார்ன்தான் அடித்தது.

அப்படியே கோவிலுக்குப் போயிருக்கலாம். கோவில் ஒரு பக்கம், தேக்கா மறு பக்கம். அவர் தேக்கா பக்கம் திருப்பினார்.

"எங்கப்பா போறீங்க?"

"மாலை வாங்க."

பூக்கடைத் தாரணி மாலைகளைத் தன் வேனிலேயே கோவிலுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். மாலை வாங்குவது சாக்கு. மல்லிகைக் கடைக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டாமா? கார் சந்தில் திரும்பிப் பூக்கடை வாசலில் நின்றது. ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. காலைக் காபிக்கு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். இஞ்ஞாசி கூரைப் பட்டனை அமுக்கினார். மூடித் திறந்து காட்டினால் புரியும்.

கூரை பின்னாலிருந்து எழுந்து மேலே வந்தது. இப்போது எல்லாரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார், சுவரில் இருந்த பலகையை: வண்டி நிற்கும்போது எஞ்சினை நிறுத்தவும். பலகையின் கீழே, கையில் அபராதச் சீட்டு அடிக்கும் சம்மன் மெஷினோடு சீருடைக்காரர் ஒருவர் இவர்கள் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வருட அரசாங்க வேலையில் ஒரு சம்மன்கூட வாங்கியதில்லை என்பதை இஞ்ஞாசி ஒவ்வொரு திருவிழாக் கூட்டத்திலும் குறிப்பிடுவார். அவர் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

எஞ்சின் நின்றது. கூரை பாதியில், கொட்டாவி விட்ட வாய் மூட மறந்ததுபோல, அப்படியே நின்றது.

"ப்பா! வேலாயுதம் அங்கிள் என்ன சொன்னாரு?"

"சட்டம்னு ஒன்னு இருக்குல்ல?"

சாவியைத் திருப்பினார். டக். இன்னொரு முறை. டக். தாரணி மாலைத் தட்டோடு வெளியே வந்தாள். "ஏண்ணே, வேன் அங்கதானே போவுது? எதுக்கு இம்புட்டுத் தூரம் சுத்திக்கிட்டு?"

இஞ்ஞாசி மூன்றாம் முறை திருப்பினார். டானியலாவின் பார்வை டாஷ்போர்டில் மங்கலாக எரிந்த நட்சத்திரங்களுக்குப் போனது.

"ப்பா, இது வண்டி நிக்கிறப்பவும் எரியுமா?"

"அணையா விளக்குமா."

"மண்டே டு ஃப்ரைடேயும்?"

"ராவும் பகலும்." குரலில் பெருமை இருந்தது.

"எட்டு மாசமா? அங்கிள்கிட்டச் சொன்னீங்களா?"

"இதுல அவன்கிட்டச் சொல்ல என்ன இருக்கு? பேட்டரிக்கும் மாதாவுக்கும்..."

அவர் பார்வையும் நட்சத்திரங்களுக்குப் போனது. டானியலா தலை வலையில் இருந்த இலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், இங்க நிறுத்தக் கூடாது," என்றார் சீருடைக்காரர். "எஞ்சின ஸ்டார்ட் பண்ணி வண்டிய எடுங்க."

எடுக்க முடியாது என்பது புரிந்ததும் அவரே மெஷினை இடுப்பில் செருகிவிட்டுக் காரின் பின்னால் வந்தார். காபி டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் பூக்கடைக்காரர்கள் எழுந்தார்கள். ஆக, எழுந்துதான் நின்றார்கள். வாழை இலைக் கட்டு இறக்கிக்கொண்டிருந்த இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கார் நகர்ந்தது.

"இழு இழு, தேரு வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

"தள்ளுறதுய்யா இது!"

தூறல் போட்டது. வெயிலும் இருந்தது. பாதிக் கூரைக்குக் கீழே வெள்ளைப் பட்டில் பெண், முன்னால் நீல நட்சத்திரங்களோடு மாதா, பின்னால் ஆறேழு பேர், எஞ்சின் சத்தமே இல்லை. உதிரி மல்லிகைக் கூடை ஒன்றைத் தாரணி என்ன நினைத்தாளோ, அள்ளி வீசினாள். செல்போன்கள் உயர்ந்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இஞ்ஞாசிக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோயிற்று. எட்டு மாதம் மாடியில் கண்டது இதுதானே, தண்ணீர்போல விலகும் தெரு, சத்தமில்லாமல் மிதக்கும் கார். மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"அண்ணே, கைய ஆட்டாதீங்க, ஸ்டீயரிங்க ஒடிங்க! தூணு!"

ஒடித்தார். அறுபது மீட்டர் தள்ளியிருந்த காலி பார்க்கிங் லாட்டில் தேர் நிலைக்கு வந்தது. மணி ஒன்பது இருபது.

டானியலா தாரணியின் வேனில் முன்னால் ஏறினாள். கெட்டியான கூரை போட்ட வேன். பின்னால், பூ வாளிகளுக்கும் வாழைக் கன்றுகளுக்கும் நடுவே கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடை மேல் கோட்டோடு இஞ்ஞாசி உட்கார்ந்தார், மடியில் மாதா. ஜன்னல் கிடையாது. வானம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

"ப்பா, ஓகேவா?" முன்னாலிருந்து குரல் வந்தது.

"ம்."

"மேல பாத்துக்கிட்டே வந்தேன்ப்பா, அந்த மரத்துக்குக் கீழ வர்றப்ப. அது போதும்."

வேன் ஏழு நிமிடத்தில் கோவில் வாசலில் நின்றது. மாப்பிள்ளை கஜனின் அப்பா நடராசா படியில் குடையோடு நின்றிருந்தார். ரயிலில் வந்து, ஒன்பது மணியிலிருந்து அங்கேதான் நிற்கிறார். திருவிழாக் குழுவின் பதினான்கு பேரும் தெருவின் இரண்டு பக்கமும் திறந்த காரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாரணி இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே வந்தது.

கைக்குட்டையில் மடிப்பதற்காக மாதாவைத் திருப்பிய இஞ்ஞாசி அப்போதுதான் அவளுடைய முதுகுப் பக்கத்தை முதன்முறையாகப் பார்த்தார். சேலை மடிப்புக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது.