ஆறாவது கை

அந்த வியாழன் மாலை வகுப்பில் அரசாங்கம் அமைப்பதுதான் பாடம். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரப் பள்ளிக்கூடத்தின் மேல்மாடி அறையில் மேசைகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டார்கள். குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கிற பன்னிரண்டு பேரும் ஃபாரோ தீவுகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். டென்மார்க்குக்கு உட்பட்டிருந்தாலும், தன் மீனையும் வரியையும் பள்ளிக்கூடங்களையும் தானே பார்த்துக்கொள்கிற அந்தத் தீவுகளைப் பற்றிச் சோதனையில் கேள்வி வரக்கூடும் என்று ஆசிரியை எமிலியா சொல்லியிருந்தார்.

மிதுஷா சபாநாயகர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்று எமிலியா அவளைத் தெரிவு செய்தார். மிதுஷாவுக்குத் தன்னைப் பற்றி அப்படி ஒரு நம்பிக்கை கிடையாது. முதியோர் இல்லத்தில் மருந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டு வாசல் வரை வந்தபின், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். அவளுக்கு முன்னால் மரப்பிடி போட்ட கனத்த பித்தளை மணி ஒன்றை வைத்தார்கள்.

முதல்வர் பதவிக்குச் சண்முகலிங்கத்தின் பெயர் வந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடையிலிருந்து எலும்பு பிரிக்கிறவர். வயது ஐம்பத்தொன்பது. மொழிச் சோதனையில் பலமுறை விழுந்து எழும்பி, இந்த வருடம்தான் அதைத் தாண்டியிருந்தார். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் மிதுஷாவைத் தன் காரில் வகுப்புக்கு ஏற்றி வருகிறவரும் அவர்தான்.

"இவரைப் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும் என்றில்லை. பாதிக்கு மேல் எதிர்க்காமல் இருந்தால் போதும், அரசாங்கம் வந்துவிடும்," என்றார் எமிலியா.

"எங்கட கலியாணம் மாதிரி," என்று சண்முகலிங்கம் தமிழில் முணுமுணுத்தார். "ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லாட்டித் தாலி ஏறீடும்."

மிதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிந்துஜனும் சிரித்தான். அவர்களை விட்டால் அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் அவன் மட்டும்தான். இருபத்திரண்டு வயது. பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டதால், பிறந்த நாட்டிலேயே குடியுரிமைக்கு வரிசையில் நிற்கிறான்.

எதிர்த்து இரண்டு கைகள்தான் உயர்ந்தன. சண்முகலிங்கம் முதல்வரானார். முதல்வரானவர் தன் ஆசனத்தை விடவேண்டும், சபையில் கதைக்கலாம், வாக்குப் போட முடியாது என்று எமிலியா விளக்கினார். மீதி பதினொரு பேர். அவரைக் கேள்வி கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. ஆறு பேர் நம்பிக்கையில்லை என்று கை உயர்த்தினால் அவர் அன்றைக்கே பதவியிலிருந்து இறங்கவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு எமிலியா கோப்பி எடுத்து வரக் கீழே போனார்.

எதிர்க்கட்சியில் இருந்த சிந்துஜன் மிதுஷாவின் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, டேனிஷில மிஸ்டிலிட் எண்டுறது தமிழில என்ன? அங்கிளுக்குத் தமிழிலயே குடுப்பம்."

"நம்பிக்கை இல்லை எண்டு சொல்லு," என்றாள் மிதுஷா. சரிதானா என்று ஒருமுறை யோசித்துவிட்டு, "உங்களில எங்களுக்கு நம்பிக்கை இல்லை, அப்பிடி," என்று திருத்தினாள்.

அவன் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"சண்முகலிங்கம் அங்கிள், உங்களில எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எழும்பி வெளியில வாங்கோ."

வெளியில் போங்கோ என்றுதான் சொல்ல வந்தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் போவதும் வருவதும் அடிக்கடி மாறிப்போகும். மிதுஷா சிரித்துக்கொண்டே மணியை ஆட்டிவிட்டு மேசையில் வைத்தாள்.

அந்த மணியை எடுத்த கை சண்முகலிங்கத்தினுடையது. முதல் அடி தாடையில் விழுந்தது. மணியின் நாக்கு உள்ளே ஒருமுறை மோதி, எலும்பு முறிகிற சத்தத்தோடு சேர்ந்து ஒலித்தது. சிந்துஜன் கதிரையோடு சரிந்தான். அவர் அவன்மேல் முழங்காலை ஊன்றி இன்னொரு தரம் வாயில் அடித்தார். உதடு பிளந்தது. ஒரு பல் தரையில் உருண்டு மிதுஷாவின் சப்பாத்தில் முட்டியது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியவர், மணி மூன்றாவது முறை ஒலித்ததும் எதையோ கேட்டவர் போல அப்படியே நின்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. மிதுஷாவும் எழும்பவில்லை.

எமிலியா கோப்பித் தட்டத்தோடு வந்தபோது சிந்துஜன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தான். விரல்களுக்கு இடையால் இரத்தம் வழிந்தது. விழுந்துவிட்டேன் என்று டேனிஷில் குழறினான். பொலிஸ் என்று வந்தால் தன் விண்ணப்பமும் இழுபடும் என்று பயந்தானோ என்னவோ. எமிலியா எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கார் தரிப்பிடத்தில் சண்முகலிங்கத்தால் காரைக் கிளப்பத் திறப்பைத் துவாரத்துக்குள் விட முடியவில்லை. கதவு திறந்திருக்க, வலது கையால் கார்ச் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் மிதுஷா. அப்போதுதான் தாரகன் வந்தான், சிந்துஜனின் மூத்த அண்ணன். தம்பி கைபேசியில் செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

"என்ர தம்பிக்கு அடிச்ச கை இதுவோ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கதவை முழுப் பலத்தோடும் அடித்துச் சாத்தினான். விரல்கள் உள்ளே இருந்தன. சண்முகலிங்கம் கத்தவில்லை. மாடு போல ஒரு மூச்சு விட்டார். தாரகன் கதவைத் திறந்து இன்னொரு முறை அடித்தான். மிதுஷா இறங்கி ஓடி வந்து அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறியதில் சரளைக் கற்களில் விழுந்து முழங்கை கிழிந்தது.

"இப்ப சரிக்குச் சரி," என்றான் தாரகன். "நீங்களும் பொலிசுக்குப் போகாதேங்கோ, நாங்களும் போகேல்லை. போனா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

தெரியும். சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வந்தால், அது ஒத்திவைத்த தண்டனையாக இருந்தாலும், குடியுரிமை என்றைக்கும் கிடையாது. அதையும் இந்த வகுப்பில்தான் படித்திருந்தார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு வகுப்பு மறுபடி நிறைந்தது. சிந்துஜனின் தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. சண்முகலிங்கத்தின் வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. இனிக் கத்தி பிடிக்க முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எமிலியா கோப்பிக்குக் கீழே போனதும் சண்முகலிங்கம் எழுந்து அரைவட்டத்தின் நடுவில் நின்றார். டேனிஷில் தொடங்கி, சொல் கிடைக்காத இடங்களில் தமிழுக்குப் போனார். மிதுஷா மொழிபெயர்த்தாள்.

"எண்பத்தெட்டில இலங்கையில எங்கட பக்கம் மாகாண சபைக்கு எலெக்சன். அதிகாரத்தைப் பிரிச்சுத் தருவினமாம், நடத்த ஆக்கள் வேணுமாம் எண்டு எங்கட அண்ணை எலெக்சனில நிண்டவர். போட்டியில்லாமல் தெரிவானவர். ஒருத்தரும் எதிர்க்கேல்லை. பிறகு ஒரு நாள், எலெக்சன் வேண்டாமெண்ட இயக்கத்தில இருந்து நாலு பெடியள் வந்தவங்கள். அண்ணை, உங்களில எங்களுக்கு நம்பிக்கை இல்லை, எழும்பி வெளியில வாங்கோ. இவ்வளவுதான் சொன்னவங்கள். வேலியோட நிக்க வைச்சு வாயுக்குள்ள சுட்டவங்கள். ரோட்டு முழுக்கச் சனம் நிண்டது."

மிதுஷாவுக்குக் கடைசி வசனம் டேனிஷில் வரவில்லை. இரண்டாம் தரம்தான் வந்தது. சிந்துஜனுக்குத் தமிழ் வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"அதுக்கு இந்தப் பிள்ளை பொறுப்பில்லை," என்றார் அவர். "அடிச்சது நான். அந்தத் தீர்மானம் இன்னும் நிக்குது. சபாநாயகர் பிள்ளை, வாக்குக்கு விடும். ஆறு கை உயர்ந்தா நான் நேர பொலிஸ் ஸ்டேசன். உயராட்டி எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பம்."

"நீங்களே போகலாம்தானே மாமா. எங்களை ஏன் கேக்கிறியள்?" என்றாள் மிதுஷா.

"ரோட்டில நிண்ட சனத்திட்ட அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் கேக்கிறன். கதைக்கிறது மட்டும்தான் என்ர உரிமை. வாக்கு உங்கட."

மிதுஷா வாக்குக்கு விட்டாள். மணி இல்லை. அதை யாரோ அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள்.

முதலில் உயர்ந்தது சிந்துஜனின் கை. அவனுடைய கண்கள் கலங்கியிருந்தன, ஆனாலும் கை இறங்கவில்லை. பிறகு ஒன்று, இன்னொன்று. ஐந்தோடு நின்றது. மற்ற ஐந்து பேரும் மேசையைப் பார்த்தார்கள். மிதுஷா இடமிருந்து வலமாக எண்ணினாள். தவறியிருக்கும் என்று வலமிருந்து இடமாகவும் எண்ணினாள். ஐந்துதான். மிச்சம் இருந்தது அவளுடையது.

பனிக்காலத்தில் முதியோர் இல்லத்தின் வாசலில், அவள் வரும் வரை காரைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்த மனிதர். இத்தனை வருடம் அவர் காத்திருந்தது இந்தக் குடியுரிமைக் கடதாசிக்கு. அவள் கை அசையாமல் இருந்தால் அவர் தப்பிவிடுவார். அவள் எதுவும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். அன்றைக்கும் அப்படித்தான் சும்மா இருந்தாள். பல் உருண்டு வந்து சப்பாத்தில் முட்டியது.

அவள் கையை உயர்த்தினாள்.

"ஆறு," என்றார் சண்முகலிங்கம். அந்த நேரம் எமிலியா தட்டத்தோடு உள்ளே வந்து, உயர்ந்திருந்த கைகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

கீழே சண்முகலிங்கம் இடது கையால் கார்த் திறப்பை மிதுஷாவிடம் நீட்டினார். இருவரும் ஏறினார்கள்.

"பொலிசில உங்கட கையைப் பற்றிக் கேப்பினம் மாமா."

"கதவு அடிச்சது எண்டு சொல்லுவன்."

"நான் அப்பிடிச் சொல்லமாட்டன். தாரகன் எண்டு சொல்லுவன்."

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சண்முகலிங்கம் திடுக்கிட்டு மாவுக்கட்டுக் கையை மார்போடு இழுத்துக்கொண்டார். சிந்துஜன் நின்றிருந்தான். அவள் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும். பல்லைத் திறக்காமல் ஏதோ சொன்னான். கம்பிக்குள்ளால் அது வாறன் என்று கேட்டது, போறன் என்றும் கேட்டது. பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். முன்னால் இருந்த கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கதவை மெதுவாகச் சாத்தினான்.