கேட்டில் கிடந்த போன்

முதலில் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். "புதிய லாகின் விதி சோதித்துப் பார்க்கப்பட்டது" என்று முதலாளிக்கு மெயில் போட்டிருந்தேன். சோதித்தது ஒரே ஒரு ஆளிடம், அது நான்தான். மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டேன், என் போனுக்கு வந்த எண்ணையும் போட்டேன், திறந்தது.

வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே திருமூர்த்தியாகிய என் பொறுப்பு. புது விதியை அமலாக்காமலேயே, அதனால் யார் யார் உள்ளே வர முடியாமல் போவார்கள் என்று பட்டியல் மட்டும் எடுத்துப் பார்க்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. நாலு பேருக்கு மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆடிட்டுக்கு முன்னால் நல்ல பெயர் வாங்கும் அவசரம். புதன்கிழமை காலை, லாகின் உள்ள அறுபது பேருக்கும் ஒரே அடியாகப் போட்டேன்.

எட்டரைக்குப் பேக்கிங் பகுதியில் சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். விஜயராணி கம்ப்யூட்டர் முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருடம் பனியனில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்று, தானாகக் கம்ப்யூட்டர் கற்று, போன மாதம்தான் அந்த நாற்காலிக்கு வந்தவள்.

"போனுக்கு வந்த நம்பரக் கேக்கு சார். போன் கேட்ல கெடக்கு," என்றாள்.

புது டிசைனை யாரும் படமெடுத்துவிடக் கூடாதென்று தளத்தில் வேலை செய்பவர்களின் போனைக் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் மாடி ஏறுகிறேன்.

மேனேஜர் பொங்கியண்ணன் விடவில்லை. "நேத்து வரைக்கும் கேக்காத கம்ப்யூட்டர் இன்னைக்குப் போன் கேக்குதாக்கும்? ஊட்டுல பேசோணும்னா பேசோணும்னு சொல்றது. அதுக்கு ஏம்மா பொய் சொல்றே?"

சுற்றிலும் முப்பது பேர். அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பிறகு மாடிக்கு ஓடி, இரண்டே நிமிடத்தில் விதியை நீக்கினேன். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்ட நிம்மதி வேறு எனக்கு.

திரும்பி வந்தபோது பொங்கியண்ணன் அவளையே மறுபடி பாஸ்வேர்டு போட வைத்திருந்தார். திறந்துகொண்டது. "பாத்தியா? இப்ப எங்க கேக்குது போனை? நாளையிலிருந்து நீ செக்கிங்குக்கே போயிரு," என்றார்.

என் திருட்டுத்தனம் அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டது. மெயிலில் எழுதிய பொய்யைவிட இது கேவலம் என்று தோன்றியது.

"பொய் அந்தப் பொண்ணு சொல்லலீங்க, நான் சொன்னேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. புது விதியையும், சோதிக்காததையும், சற்றுமுன் அதை நீக்கியதையும் சொன்னேன். முதலாளிக்கும் இதையே எழுதப் போவதாகச் சொன்னேன்.

பொங்கியண்ணன் சிரித்துவிட்டார். "அட, அவ்வளவுதானுங்களா தம்பி? நீ உக்காரும்மா, வேலையப் பாரு."

எனக்கு வசவே இல்லை. ஒரு 'தம்பி', அதோடு சரி.

விஜயராணி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கேட்டாள்.

"அவரு என்னய ஏசும்போது நீங்க பக்கத்துலதான சார் நின்னிய?"