குடும்பத்தில் ஐந்து பேர்

மேலிடத்திலிருந்து படிவம் வந்தால் அதை நிரப்ப வீடு வீடாக ஏறி இறங்குவது கிராம அலுவலரான விதானையார் பரமலிங்கத்தின் வேலை. இந்த முறை கிராமத்தின் முழு விபரமும் வேண்டுமாம்: எத்தனை தலை, என்ன தொழில், என்ன வருமானம், எத்தனை வள்ளம், எத்தனை ஆடு, எத்தனை கோழி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யுத்த காலம் அது. கடலுக்குப் போனவர் திரும்புவது நிச்சயமில்லை. கரையோர வீடுகளில் பாதி அடுப்பு எரியவில்லை. கோழியைக்கூட எண்ணச் சொன்ன மகராசர்கள் பசித்த வயிற்றுக்கு ஒரு கட்டம் போட மறந்துவிட்டார்கள்.

கரையோரத்தில் பெர்னடெட்டின் வீட்டு வாசலில் நின்று பரமலிங்கம் பேனையைத் திறந்தார்.

"வீட்டிலை எத்தினை பேர் பிள்ளை?"

"அஞ்சு பேர் ஐயா."

அவளும் மூன்று பிள்ளைகளுமாக நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் அவள் புருஷன் சந்தியோகு. எட்டு மாதத்துக்கு முன் கடல் தொழிலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. உடல் கரை சேராதவனைச் செத்தவன் என்று அந்த ஒழுங்கையின் எந்த வீட்டிலும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். செபத்திலும் உயிரோடிருப்பவர்களுடன்தான் அவன் பெயரைச் சேர்ப்பார்கள். பரமலிங்கத்துக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஐந்து என்றே எழுதினார். தொழில், மீன்பிடி. வள்ளம், சொந்தமாக ஒன்று. ஒரு தலை கூடினால் நிவாரணக் கோதுமை மாவும் கொஞ்சம் கூடக் கிடைக்குமே என்றும் நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. நிவாரணப் பட்டியல் வந்தபோது பெர்னடெட்டின் பெயரே அதில் இல்லை. உழைக்கிற ஆணும் சொந்த வள்ளமும் உள்ள வீட்டுக்கு நிவாரணம் எதற்கு என்று வெட்டிவிட்டார்கள். நல்லது செய்யப் போய் மூன்று பிள்ளைகளின் வயிற்றில் அடித்துவிட்டேனே என்று பரமலிங்கம் துடித்துப்போனார்.

மறுநாள் வெள்ளனவே புதுப் படிவங்களோடு போனார். பெர்னடெட் முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு உலையில் அதுமட்டும்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பிழை என்னிலைதான் பிள்ளை. மாத்தி எழுதினா அடுத்த கிழமையே மா வரும். ஆனா..." புதுப் படிவத்தை விரித்துப் பிடித்தார். "சந்தியோகு இல்லையெண்டு நீதான் கையெழுத்து வைக்கோணும்."

அவள் இலை உருவுவதை விடவில்லை. உள்ளே கடைக்குட்டி பசியில் சிணுங்கும் சத்தம் கேட்டது.

"எழுதுங்கோ ஐயா," என்றாள் கடைசியில். "வாசிச்சு மட்டும் காட்டாதையுங்கோ."

நாலு என்று எழுதினார். குடும்பத் தலைவர் இறந்துவிட்டார் என்று அடுத்த கட்டத்தில் நிரப்பினார். அவள் முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

வாசல் படலை வரை போனவரை அவள் குரல் மறித்தது.

"அவர் வந்தா திருப்பி அஞ்செண்டு எழுத ஏலுமோ?"

"ஓம் பிள்ளை, ஏலும்."

"அதுக்கு எந்தப் பத்திரம் ஐயா?"

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அப்படியொரு பத்திரத்தை அவர் கண்டதில்லை. மிச்சமிருந்த படிவம் ஒன்றை எடுத்து, குடும்பத்தில் உள்ளோர் தொகை என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினார். கீழே தன் கையெழுத்தையும் வைத்து அவளிடம் நீட்டினார். திகதிக்குரிய இடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.